உலக்கையும் உலையும்

பொது அறிவுத் தேர்வு வைக்கிறார்கள். நீர் கொதிப்பது எத்தனை பாகையில், ஒளியின் வேகம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். மனப்பாடம் செய்தவர் எழுதுகிறார், மதிப்பெண் பெறுகிறார். பெற்றவர் அறிவாளியாம், பெறாதவர் பாமரராம்! அந்தத் தராசை நாமும் கொஞ்சம் கையிலே வாங்கிப் பார்ப்போம், தோழர்களே!

2019 டிசம்பர் 26. கதிரவனை மதி மறைத்தது, நிழல் விழுந்தது, நடந்தது அவ்வளவே. ஆனால் தமிழகத்தின் ஊர் பலவற்றிலே தாம்பாளத்தில் நீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்தி, "நிற்கிறது பார், கிரகணம் பிடித்தது பார்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உலக்கையின் அடி தட்டை. அதன் எடை மையத்திலிருந்து நேர்க்கீழே இறங்கும் கோடு அந்த அடிக்குள் விழுந்தால் நிற்கும், வெளியே விழுந்தால் சாயும். பௌர்ணமியன்றும் நிற்கும், உங்கள் சம்பள நாளன்றும் நிற்கும். ஐயமிருந்தால் இன்றிரவே நிறுத்திப் பாருங்கள்!

1995 செப்டம்பர் 21இல் பிள்ளையார் பால் குடித்த கதையும் இதே இனந்தான். டெல்லி முதல் இலண்டன் வரை வரிசை நின்றது. அறிவியலாளர்கள் பாலிலே வண்ணம் கலந்து ஊட்டினார்கள். கரண்டிப் பால் சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கிய தடம் வெட்டவெளிச்சமாயிற்று. பரப்பு இழுவிசை செய்த வேலைக்குக் கடவுள் பெயரெடுத்தார்! வரிசையிலே நின்றவர்களில் பட்டம் பெற்றவர் இல்லையா? இருந்தார், ஏராளமாக இருந்தார்.

இனி, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வாருங்கள். கிரேன் கொக்கியிலே கம்பிக் கட்டினை மாட்டும் தொழிலாளியைப் பாருங்கள். எங்கே கட்டினால் சமமாக எழும், எங்கே கட்டினால் சரிந்து தலையிலே விழும் என்பதைக் கண்ணாலே அளக்கிறான். உலக்கையின் இரகசியம் அவனுக்குத் தெரியும். தேர்வுத்தாள்தான் அவனைக் கேட்டதில்லை!

ஆனால் ஒரு கேள்வி உண்டு. அதற்கு விடை தெரியாவிட்டால் மதிப்பெண் போகாது, உயிர் போகும். பழைய இரும்பை உருக்கும் உலையிலே ஈர இரும்பைப் போட்டால் என்ன ஆகும்?

எண்ணெய்ச் சட்டியில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று வீட்டுத் தாயைக் கேளுங்கள், சொல்வார். உலையிலே கிடப்பது எண்ணெயல்ல. சுமார் 1,600 பாகையில் தகிக்கும் எஃகுக் குழம்பு. அதனடியிலே சிக்கிய நீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். இடம் எங்கே? மேலே இருக்கும் குழம்பைத் தூக்கி எறிந்துகொண்டு வெளியே வரும். எதிரே நிற்பவன் தொழிலாளி. வாய் மூடிய குழாயும் உருளையும் இப்படித்தான். உள்ளே அடைபட்ட காற்றும் நீரும் வெடிக்கும்.

இதை அவனுக்குச் சொன்னவர் யார்? போபாலிலே 1984இல் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987இல்தான் தொழிற்சாலைச் சட்டத்திலே, ஆபத்தை அறிந்துகொள்ளும் உரிமையும் பயிற்சி பெறும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு என்று எழுதினார்கள். எழுத்து ஏட்டிலே, ஏடு அலுவலகத்திலே! வாசலிலே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்ததாம். அதுவும் எந்த மொழியில்?

உலையருகே நிற்பவர்களிலே ஒடிசாக்காரர் உண்டு, பீகார்க்காரர் உண்டு, வங்காளி உண்டு. 1938இலும் 1965இலும் தாய்மொழிக்காகச் சிறை சென்ற இயக்கம் நமது. ஒடியாக்காரனுக்கு ஒடியாவிலே அபாயத்தைச் சொல் என்று கேட்கவேண்டிய முதல் வாய் நம் வாயாகத்தான் இருக்கவேண்டும். அவன் வந்து நம் வேலையைப் பறித்தான் என்று முணுமுணுக்கும் தோழர் ஒருவரிருவர் நம்மிலும் உண்டு. உலை வெடித்தால் தெறிக்கும் குழம்பு ஊர் கேட்டுத் தெறிப்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தேர்வு வைக்கட்டும், வரவேற்கிறோம்! தாளிலே அல்ல, உலைக்கு முன்னே, அவரவர் மொழியிலே, வாய்மொழியாக வைக்கட்டும். முதல் வரிசையிலே ஒப்பந்தக்காரரையும் மேலாளரையும் உட்கார வைக்கட்டும். ஈர இரும்பின் கேள்வியை அவர்களிடமே முதலில் கேட்போம். விடை தெரியும் என்றால் அடுத்த கேள்வி: ஐப்பசி அடைமழை வரப்போகிறதே, வெட்டவெளியிலே குவித்து வைத்திருக்கும் அந்த இரும்புக்கு மேலே கூரை எங்கே?