செய்தியும் சட்டமும் ஒரே வகுப்பறையில்

திண்டுக்கல்லில் ‘தோல் ஷாப்’ எனப்படும் தோல் பதனிடுதல் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட தொழில். அதன் கழிவுநீர் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டார ஊர்களின் குடிதண்ணீரைக் கெடுத்தது. ஊரார் முறையீடு சட்டத்தின் முன் நிற்கச் சாட்சியம் வேண்டியிருந்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தது. 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இந்த எண்கள் இடம்பெற்றன. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டமாக ஏற்கப்பட்டது.

ஊர் ஊராகப் போய் விசாரித்து, எண்ணிச் சரிபார்த்து எழுதுவது நிருபரின் வேலையும்தான். எது புகார், எது சாட்சியம் என்று பிரித்தறியும் பயிற்சி செய்தியாளருக்கும் வழக்கறிஞருக்கும் பொது. இதை ஒரே வகுப்பறையில் சொல்லித்தர நாம் ஏன் இன்னும் தயங்குகிறோம்?

தமிழகத்துக்கு இது புதிதல்ல. 1878-இல் இந்தியரான முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானபோது ஆங்கிலேயர் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதிலடியாக அந்த ஆண்டு செப்டம்பரில் ‘தி இந்து’வைத் தொடங்கிய அறுவரில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். 1908-இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். வகுப்பறை, அச்சகம், நீதிமன்றம் மூன்றையும் ஒரே வாழ்வில் கண்டவர் அவர்.

நம் காலத்தில் அந்த வழியில் வந்தவர் மாடபூஷி ஸ்ரீதர். தெலுங்குப் பத்திரிகையாளராக இருந்து, ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஊடகச் சட்டம் பற்றி நூல்கள் எழுதினார். 2013 முதல் 2018 வரை மத்தியத் தகவல் ஆணையராக இருந்தார். கேள்வி கேட்பவரின் தவிப்பை நிருபராக அறிந்த ஒருவர், பதில் தரச் சொல்லி உத்தரவிடும் நாற்காலியில் உட்கார்ந்தார். இரு துறையையும் கற்றதன் பயன் அந்த நாற்காலியில் நாட்டுக்குக் கிடைத்தது.

திண்டுக்கல் போன்ற ஊர்களில் வேலை பார்க்கும் நிருபருக்கு இந்தப் படிப்பு இன்னும் அவசியம். தலைநகரப் பத்திரிகையின் சட்டப் பிரிவு அவர் பக்கத்தில் இல்லை. மிரட்டல் வந்தால் தனியாகத்தான் நிற்க வேண்டும். ‘நக்கீரன்’ தொடர்ந்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட எவர் அனுமதியும் பொதுவாகத் தேவையில்லை. அவதூறு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை மட்டும் வெளியிடக் கூடாது. உரிமையோடு எல்லையையும் கற்பித்த தீர்ப்பு அது.

தகவல் உரிமைச் சட்டத்தை 1997-லேயே இயற்றி மற்ற மாநிலங்களுக்கு முன்னே நின்றது தமிழகம். 2005-இல் மத்திய சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆனால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி மறுக்க வழியை அகலப்படுத்திவிட்டது. அவதூறு பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 499, 500 பிரிவுகளும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாகியுள்ளன. அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை என்ற அச்சம் அப்படியே இருக்கிறது.

ஆகவே இதழியல் துறைகள் சட்டத்தை ஒரு தாளுக்குள் அடக்கிவிடக் கூடாது. மாணவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்கு விசாரணையைக் குறிப்பெடுக்கட்டும். தாலுகா அலுவலகத்தில் தகவல் மனுப் போட்டு, மறுத்தால் மேல்முறையீடும் செய்யட்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் கிராமத்துக்குப் போய்ச் செய்தி எழுதட்டும். இரண்டும் தெரிந்த பேராசிரியர்களைத் தேடி நியமிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. அப்படிப் பயின்ற ஒரு நிருபர் ஒன்றியத்துக்கு ஒருவர் இருந்தாலே, அடுத்த கிணறு கெடும்போது ஊர் மக்கள் உச்ச நீதிமன்றம்வரை போகக் காத்திருக்க வேண்டியிராது.