எந்தத் தொழிலுக்குத் திரும்ப?

1973 டிசம்பர் 19. சென்னை தியாகராயர் நகர். பெரியார் பேசிய கடைசிக் கூட்டம். வயது 94. சிறுநீர் கழிய உடலில் குழாய். அதற்கான பாத்திரமும் கூடவே வந்தது. பேச்சின் நடுவே அவர் வலியில் முனகுகிறார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். ஐந்தாவது நாள் வேலூர் மருத்துவமனையில் இறந்தார்.

இதை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உறுதி இருந்தது உண்மைதான். ஆனால் உறுதி மட்டும் ஒருவரை மேடைக்குத் தூக்கி வராது. ஒரு வேன் தேவைப்பட்டது. தூக்கி இறக்கத் தோழர்கள் தேவைப்பட்டார்கள். உட்கார்ந்தபடியே பேச ஏற்பாடு தேவைப்பட்டது. வேளைக்கு உணவும் கழிவுப் பாத்திரமும் பார்த்துக்கொண்ட மணியம்மையார் தேவைப்பட்டார்.

அம்பேத்கருக்கு நீரிழிவு. அதனால் கால்களில் நரம்பு வலி. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட ஆண்டுகளில் அந்த வலி அவரோடுதான் இருந்தது. 1948இல் அவர் மணந்துகொண்ட சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். இன்சுலின், உணவு, ஓய்வு என்று அவருடைய நாளை ஒழுங்கு செய்தவர் அவர். அந்த நாட்களிலிருந்துதான் அத்தனை பக்கங்களும் வந்தன.

நோய் குணமாகவில்லை, ஆனாலும் வேலை நடந்தது. சுற்றியிருந்த ஏற்பாடுகள் உடலுக்கு ஏற்ப மாற்றப்பட்டன. இதைப் பயிற்சியோடும் முறையோடும் செய்யும் மருத்துவத் துறைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டு கடந்தும் நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? கேட்டவர்களிலும் பலர் பிசியோதெரபியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம்.

வித்தியாசம் எளிது. பிசியோதெரபிஸ்ட் தோள் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அந்தத் தோளை வைத்துக்கொண்டு தலை சீவ முடிகிறதா, சட்டை மாட்ட முடிகிறதா என்று பார்ப்பார். பக்கவாதம் வந்தவருக்கு, செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் விடு, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடு என்று சொல்லிக்கொடுப்பார். இதைக் கற்றுக்கொண்டவர், மருமகளைக் கூப்பிடாமல் உடை மாற்றிக்கொள்வார். நுரையீரல் நோயால் மூச்சிரைப்பவரை உட்கார்ந்து குளிக்கச் சொல்வார், கனமான வேலைகளை ஒரே மூச்சில் முடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துவைப்பார். மூட்டுவாதத்தில் விரல் வளையாதவருக்குக் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கித் தருவார். குடத்தை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையால் அணைத்துத் தூக்கப் பழக்குவார். எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதா வேண்டாமா என்பதை இந்தச் சின்ன விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன.

தோழர்களே, சிக்கல் இனிமேல்தான் வருகிறது.

இந்தத் துறையைத் தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்றும் சொல்கிறார்கள். நோயாளியை அவருடைய தொழிலுக்குத் திரும்ப அனுப்புவது இதன் இலக்குகளில் ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொழிலைப் பிறப்பே முடிவு செய்யும் நாட்டில், எந்தத் தொழிலுக்குத் திரும்ப? அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இந்த இடத்தில்தான் விரலை வைத்தார்: மனிதர் தன் விருப்பத்தாலும் திறமையாலும் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி சாதி தடுக்கிறது. முப்பது வருடம் குனிந்து தெருக்கூட்டி முதுகு போனவரை, புழுதியை விழுங்கி நுரையீரல் கெட்டவரை, கொஞ்சம் தேற்றி மறுபடி அதே தெருவுக்கு அனுப்புவதற்குச் சிகிச்சை என்று பெயரா? 'குனியும்போது முழங்காலை மடக்குங்கள்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, குட்டைத் துடைப்பத்தை அப்படியே கையில் கொடுத்தால், நோயின் பொறுப்பையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

நேர்மையான சிகிச்சை துடைப்பத்தின் நீளத்தைக் கேள்வி கேட்கும், குப்பை வண்டியின் உயரத்தையும் கேட்கும். உட்கார இடம் எங்கே, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்கும். கடைசியில், இந்த வேலை ஏன் இந்தச் சாதிக்காரரிடமே இருக்கிறது என்ற கேள்விக்கும் வந்து சேரும்.

இதற்குத் தமிழ் மண்ணிலேயே முன்னோடி உண்டு. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் அது தவறு என்று காட்டினார். உணர்வு மரத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரிவதில்லை. தெரியாத காயம் புண்ணாகிறது. விரலைத் தின்பது அந்தப் புண்தான். இது புரிந்ததும் சிகிச்சையே மாறியது. கையைத் திருத்த அறுவைச் சிகிச்சை ஒருபுறம். காயம் படாமல் பிடிக்கும் கருவி, பஞ்சு போன்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கம் மறுபுறம். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு இன்று அதே செருப்பைத்தான் தருகிறார்கள். 'முற்பிறவிப் பாவம்' என்று தீண்டாமல் ஒதுக்கிவைத்த உடல்களுக்குத் தேவைப்பட்டவை கருவியும் பயிற்சியும், அவற்றோடு தயங்காமல் தொடும் ஒரு கையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நகரங்களைச் சுத்தம் செய்கிறவர்களில் பெரும்பகுதியினரை ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டோமே, அவர்கள் எந்தப் பிரிவில் வருவார்கள்? அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. நீரிழிவும் ஆஸ்துமாவும் இல்லை. கால் புண்ணாக இருக்கும்வரை கண்ணை மூடிக்கொள்ளும் சட்டம், காலை எடுத்த பிறகுதான் விழிக்கிறது.

2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினோம். துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்களுக்குக் கிடைத்த மருந்து அது. ஒரு நாற்காலியும் சிகிச்சைதான் என்று சட்டமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தெருவில் வேலை செய்கிறவருக்கு அந்த நாற்காலி எப்போது?

அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. ஊரைத் தாண்டிச் சேரிக்குள்ளும் மருத்துவம் நடந்து வர வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை என்பதால் இதை வரவேற்கிறோம். இன்னும் ஓர் அடி வைக்கச் சொல்கிறோம். அந்தக் குழுவோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் வரட்டும். வந்து, மேடை அடுப்பும் மேற்கத்தியக் கழிப்பறையும் உள்ள பாடப்புத்தக வீட்டைத் தேடாமல், தரையில் வைத்த அடுப்பையும் அரிவாள்மணையையும் தெருக் குழாயையும் பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறையையும் பார்க்கட்டும். தாலுகா மருத்துவமனைதோறும் இந்தப் பணியிடம் வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும், உடல் முடியாதபோது ஊதியம் குறையாத மாற்றுப் பணி வேண்டும். சாக்கடைக்கு வெளியே வேறு தொழில் கற்கும் வழியும் இந்தச் சிகிச்சையின் பகுதியாக வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிவதில்லை. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை அதிகம் தாக்கும் நோய். 'ஓய்வெடுங்கம்மா' என்று மருத்துவர் சொல்கிறார். மாவு யார் ஆட்டுவது, துணி யார் பிழிவது? காலையில் விரல்கள் விறைத்துப்போய்க் கிடக்கும் அம்மாவிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பெண்ணுரிமைக் கூட்டத்துக்குக் கிளம்பும் தோழர்கள் நம்மிடையே இல்லையா? அந்த வீட்டுக்குத் தெரபிஸ்ட் வந்தால் எழுதித் தரும் முதல் மருந்துச் சீட்டு, மகன் துணி பிழிய வேண்டும் என்பதாகத்தான் இருக்கும்.

பெரியாருக்கு ஒரு வேன் கிடைத்தது. அம்பேத்கருக்கு ஒரு மருத்துவர் துணையாகக் கிடைத்தார். அவர்கள் யாருக்காகப் பேசினார்களோ, எழுதினார்களோ, அந்த மக்களுக்கு நீளமான துடைப்பமும் உட்கார ஒரு நாற்காலியும்கூட இன்னும் வந்து சேரவில்லை.