வரப்பை வெட்டி வாடகைக்கு விடுறவங்க

தோப்பு, மாடு, மழைன்னு எழுதிட்டிருந்த ஆளு இன்னைக்கு விமானத்தைப் பத்தி எழுத வந்திருக்கேன். உங்களுக்குச் சிரிப்பா இருக்கலாம். அடிக்கடி பறக்கிற நீங்கள்லாம் இதைப் பழகிட்டீங்க. பழகாத ஒருத்தன் பார்த்தா எப்படி இருக்கும்னு சொல்றேன், கேளுங்க.

டெல்லியில இருக்கிற மகளுக்குப் பிரசவம். பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து ரயில்ல போனா ரெண்டு ராத்திரி. பிள்ளை பொறந்த சேதி வந்தப்புறம் ரெண்டு ராத்திரி பொறுக்க என் வீட்டுக்காரிக்கு மனசில்லை. மாட்டை மச்சினன் வீட்டுல கட்டிட்டு, தோப்புக்குத் தண்ணி கட்டப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டச் சொல்லிட்டு, கோயமுத்தூர்ல விமானம் ஏறுறதுன்னு முடிவாச்சு.

அவளுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். முப்பது வருஷம் குனிஞ்சு களை வெட்டுன கால். "ரொம்ப நேரம் மடக்கி வச்சு உட்காராதீங்கம்மா"ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மாப்பிள்ளைக்கு அது தெரியும். போன்ல கேட்டார்: "மாமா, டிக்கெட் ஒருத்தருக்கு 6,400 வருதுங்க. அத்தைக்கு மட்டும் முதல் வரிசை போட்டுடலாங்களா? கால் நீட்டிக்கலாம். அதுக்குத் தனியா 1,500 கேக்குறான்."

"யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை"ன்னு வச்சுட்டேன். மறுநாள் சாயங்காலம் சரின்னு சொன்னா, அதே சீட்டு 1,800.

ஒரு ராத்திரியில அந்தச் சீட்டு என்ன வளந்துருச்சா? சொட்டுநீர் போட்டாங்களா, உரம் வச்சாங்களா? அதே விமானம், அதே இடம். "இறக்கைப் பக்கம் அவசரக் கதவுகிட்ட 1,100-க்கு இருக்குதுங்க, ஆனா அங்க அத்தையை உட்கார விடமாட்டாங்க"ன்னார் மாப்பிள்ளை. அது நியாயம்தான். ஆபத்துன்னா அந்தக் கதவைத் திறக்கத் தெம்பு இருக்கிறவங்கதான் அங்க உட்காரணும். ஆக, கால் வலிக்கிறவளுக்குக் கால் நீட்ட இருக்கிறது முதல் வரிசை ஒண்ணுதான். அதுதான் இருக்கிறதுலயே விலை கூடுன இடம்.

1,800 எத்தனை தேங்காய்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டாளோ என்னமோ, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், மூணு மணி நேரம்தானே"ன்னுட்டா. சாதா சீட்டுல போனோம். டெல்லியில எல்லாரும் இறங்குறாங்க, இவளால எந்திரிக்க முடியலை. பின்னால நிக்கிறவங்க முதுகுல மூச்சு விடுறாங்க. கடைசியில சக்கர நாற்காலி வந்துச்சு. ரெண்டு நாள் அவளால சம்மணம் போட முடியலை. பேத்தியை மடியில போட்டுக் குளிப்பாட்டணும்னு போனவ, கட்டில்ல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தா.

அந்த ரெண்டு நாளும் நான் இதைத்தான் நினைச்சுட்டிருந்தேன். 1,800 கொடுத்திருக்கலாம், என் கஞ்சத்தனம்தான் காரணம்னு முதல்ல தோணுச்சு. அப்புறம் வேற ஒண்ணு தோணுச்சு: அவங்க விக்கிறாங்களே, அது என்ன பொருள்?

விமானத்துல ஒரு சீட்டோட முதுகுல இருந்து முன் சீட்டோட முதுகு வரைக்கும் உள்ள தூரத்தை "பிட்ச்"ங்கிறாங்க. நம்ம பாஷையில நடவு இடைவெளி. நான் சாண் போட்டுப் பார்த்தேன், மூணு சாணும் ரெண்டு விரலும் வந்துச்சு. குறைஞ்ச கட்டண விமானத்துல 28, 29 அங்குலம்தான் வழக்கம்னு மாப்பிள்ளையும் சொன்னார். முன்ன இப்படி இல்லை. அமெரிக்காவுல ஒரு காலத்துல சராசரி 35 அங்குலம் இருந்தது 31 ஆகி, சிலதுல 28 வரைக்கும் வந்துருச்சுன்னு 2017-ல அந்த ஊர்க் கோர்ட்டுல பயணிகள் சங்கம் போட்ட வழக்குல பேசப்பட்டுச்சு.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விடணும். ஆசைப்பட்டு 18 அடியில நட்டா மரம் வெளிச்சத்தைத் தேடி வளைஞ்சு போகும், காய் குறையும். மண்ணு உடனே தண்டிச்சுடும். விமானத்துல நெருக்கி நட்டா நட்டவனுக்கு மகசூல் கூடுது, வளையுறது நம்ம முதுகு. கணக்கு ரொம்ப எளிசு. 30 வரிசை, வரிசைக்கு 6 பேர், 180 சீட்டு. வரிசைக்கு ஒரே ஒரு அங்குலம் எடுத்தா 30 அங்குலம். அதுல இன்னொரு வரிசை போடலாம், ஆறு டிக்கெட். இல்லை, அந்த 30 அங்குலத்தை நாலஞ்சு வரிசைக்கு மட்டும் பிரிச்சுக் கொடுத்துட்டு "கால் நீட்ட அதிக இடம்"னு பேர் வச்சு விக்கலாம்.

எங்க பக்கம் வரப்பு வெட்டுறவன்னு ஒரு ஜாதி ஆளு எல்லா ஊர்லயும் உண்டு. உழவு ஓட்டும்போது வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை பக்கத்துக்காரன் வரப்பைச் சேர்த்து வெட்டிக்குவான். அந்த வருஷம் பார்த்தாத் தெரியாது. முப்பது வருஷம் கழிச்சு சர்வேயர் வந்து அளந்தாத்தான் நாலடி போயிருக்கிறது தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க ஊர் வரப்பு வெட்டிகூட, வெட்டுன நாலடியை எனக்கே வாடகைக்கு விட்டதில்லை. அந்த அளவுக்கு அவனுக்குப் படிப்பு இல்லை.

சரி, முதல் வரிசையையும் அவசரக் கதவு வரிசையையும் பாருங்க. முதல் வரிசைக்கு முன்னால சுவர், சீட்டு இல்லை. அதுக்காக யாரும் ஒரு ரூபாய் கூடச் செலவு பண்ணலை. கதவு வரிசை இன்னும் மோசம். அந்த இடம் பெருசா இருக்கிறது அவங்க பெருந்தன்மையால இல்லை. தீ கீ பிடிச்சா ஜனங்க ஓடணும்னு பாதுகாப்பு விதி அங்க வழி விடச் சொல்லுது. தோட்டத்துக்கு நடுவுல போற வண்டிப்பாதை மாதிரி அது. அதை உழக்கூடாது, வேலி போடக்கூடாது. அந்தப் பாதையில கயித்துக்கட்டிலைப் போட்டு "காத்து நல்லா வருது, மணிக்கு இவ்வளவு"ன்னு ஒருத்தன் வசூல் பண்ணுனா ஊர்ல சும்மா விடுவோமா? ஆகாயத்துல விடுறோம்.

உடனே நகரத்து நண்பர் ஒருத்தர் கேப்பார்: "ஏங்க, வேணுங்கிறவன் வாங்குறான். அவன் கொடுக்கிற காசுலதான் உங்க டிக்கெட் விலை குறையுது. நீங்களும் தக்காளியை முதல் தரம், ரெண்டாம் தரம்னு பிரிச்சுத்தானே விக்கிறீங்க?"

நியாயமான கேள்வி, பதில் சொல்றேன். நான் தரம் பிரிக்கிறது உண்மை. ஆனா முதல் தரத்துக்கு நல்ல விலை வரணும்னு ரெண்டாம் தரத்தை மிதிச்சு நசுக்குறதில்லை. இங்க நடக்குறது அதுதான். சாதா சீட்டு சௌகரியமா இருந்தா 1,800 யாரு கொடுப்பா? சாதா சீட்டு வலிக்கணும். வலிச்சாத்தான் அந்த 1,800-க்கு மதிப்பு. வலியைக் கொடுக்கிறவனே மருந்துக்கடையும் வச்சிருக்கான்.

இன்னொண்ணு, தக்காளி விலையை நான் வைக்கிறதில்லை. மண்டியில நாலு பேர் முன்னால ஏலம், எல்லார் காதுலயும் விழும். இங்க கம்ப்யூட்டர் விலை வைக்குது. எந்த ஊரு, எந்தத் தேதி, எத்தனை சீட்டு மிச்சம், இதையெல்லாம் பார்த்து ஏத்தி இறக்குது. அந்த இடத்தை உண்டாக்க என்ன செலவாச்சுங்கிறது அந்தக் கணக்குலயே கிடையாது. உன்னால எவ்வளவு தாங்க முடியும்ங்கிறதுதான் கணக்கு. பக்கத்து சீட்டுக்காரன் என்ன கொடுத்தான்னு உனக்குத் தெரியாது.

இது சில்லறைக் காசுன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல அஞ்சு விமானக் கம்பெனி 2018-ல இருந்து 2023 வரைக்கும் சீட்டுக் கட்டணமா மட்டும் வாங்குனது 1,240 கோடி டாலர். இது 2024 நவம்பர்ல அந்த நாட்டு செனட் குழுவோட அறிக்கையில வந்த கணக்கு. டிக்கெட் காசு இதுல சேராது.

நம்ம நாட்டுல விதி என்னன்னு பார்த்தா, சீட்டுக்குத் தனிக் காசு வாங்க விமானத் துறை இயக்குநரகம் அனுமதி கொடுத்திருக்கு. ஆனா அது பயணி தானா விரும்பிக் கேட்டாத்தான். கேக்காதவங்களுக்குக் காசில்லாம ஏதாவது ஒரு சீட்டு ஒதுக்கணும். காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. போன் திரையில பாருங்க, காசு கட்டுற பொத்தான் பளபளன்னு பெருசா இருக்கும். "சீட்டு வேண்டாம், அப்படியே போ"ங்கிற எழுத்து மூலையில சாம்பல் நிறத்துல ஒளிஞ்சிருக்கும். இந்த மாதிரி 13 வகைத் தந்திரத்தைப் பட்டியல் போட்டு 2023-ல மத்திய நுகர்வோர் ஆணையமே தடுத்து விதி போட்டிருக்கு. விதி இருக்கு, பொத்தானும் அப்படியே இருக்கு.

மனசு வச்சா நடக்கும்ங்கிறதுக்கும் ஆதாரம் இருக்கு. 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தையை, அதே டிக்கெட்டுல வர்ற அப்பா அம்மா ஒருத்தர் பக்கத்துல உட்கார வைக்கணும்னு 2024 ஏப்ரல்ல அதே இயக்குநரகம் ஆணை போட்டுச்சு. குழந்தைக்குப் போட்டவங்க முழங்காலுக்குப் போட முடியாதா?

நம்ம ரயிலைப் பாருங்க. ரயில்வே ஒண்ணும் புண்ணியவான் இல்லை. 2020-ல நிறுத்துன மூத்த குடிமக்கள் சலுகையை அப்படியே முழுங்கிட்டாங்க. ஆனாலும் கீழ்ப்படுக்கைக்கும் மேல்படுக்கைக்கும் ஒரே விலை. 60 வயசு ஆம்பளைக்கும் 45 வயசு பொம்பளைக்கும் காலியா இருந்தா கீழ்ப்படுக்கை தானா விழும். "உனக்கு மேல ஏற முடியாதா? அப்போ 1,800 எடு"ன்னு ரயில்வே கேக்கலை. டவுன் பஸ்ல கண்டக்டர் "ஏப்பா, அந்தப் பெரியம்மாவுக்கு எந்திரிச்சு எடம் குடு"ன்னு சத்தம் போடுறாரே, அதுல இருக்கிற மரியாதை பல ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுல இல்லை.

"விமானத்துல எல்லாருக்கும் மெத்தை போடு"ன்னு நான் கேக்கலை. நாலே விஷயம்தான்.

ஒண்ணு, இத்தனை அங்குலத்துக்குக் கீழ சீட்டு நடக்கூடாதுன்னு ஒரு அளவு வேணும். அமெரிக்காவுல 2018-லயே ஒரு வருஷக் கெடு வச்சு இப்படி அளவு நிர்ணயிக்கச் சட்டம் போட்டாங்க. கெடு தாண்டிப் போச்சு, அளவு வரலை. பிறகு 2023-ல கோர்ட்டும் கட்டாயப்படுத்த மறுத்துருச்சு. அவங்க தூங்குறாங்கன்னு நாமும் தூங்கணும்னு இல்லை.

ரெண்டு, டிக்கெட்டுலயே இடைவெளியை அங்குலத்துல அச்சடிக்கணும். உர மூட்டையில எடை போடாம விக்க முடியுமா?

மூணு, ஒரு சீட்டுக்கு ஒரு விலை. டிக்கெட் விலை ஏறட்டும் இறங்கட்டும், சுவரு முன்னால இருக்கிற இடத்துக்கு ராத்திரிக்கு ராத்திரி விலை ஏறக்கூடாது.

நாலு, டாக்டர் சீட்டு காட்டுற கால் நோயாளிக்கு அந்த முதல் வரிசையில ரெண்டு இடமாவது காசில்லாம ஒதுக்கணும். ஆளு வரலைன்னா கடைசியில வித்துக்கட்டும்.

நீங்கதான் இதைக் கேக்கணும். நான் வாழ்நாள்ல இன்னும் ரெண்டு தடவை பறந்தாப் பெருசு. நீங்க மாசாமாசம் பறக்குறீங்க. வரப்பு உங்களோடது. வெட்டுறது தெரிஞ்சும் பேசாம இருந்தா, அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு விரக்கடை போகும்.

திரும்பி வரும்போது யோசிக்கலை. முதல் வரிசை அன்னைக்கு 1,600. அவளுக்கு அதைப் போட்டுட்டு நான் 23-வது வரிசையில முட்டியை நெஞ்சோட சேர்த்து உட்கார்ந்தேன். கோயமுத்தூர்ல இறங்குனா, நல்லா நடந்து முன்னால போய் எனக்காக நின்னுட்டிருந்தா. "கால் எப்படி இருக்குது?"ன்னு கேட்டேன்.

"கால் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அங்க முன்னால ஒண்ணுமே இல்லீங்களே, வெறுஞ்செவுருதான். செவுத்தைப் பாக்கறதுக்கா 1,600 ரூபா?"ன்னா.