யார் கணக்கில் எழுதுவது?

மெனு கார்டைக் கையில் வாங்கியதும் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? பொய் சொல்லக் கூடாது. வலது பக்கம்தான். விலை போட்டிருக்கிற பக்கம். அங்கே ஒரு ரவுண்டு போய்விட்டு வந்துதான், "எனக்கு இன்னிக்கு அவ்வளவா பசி இல்லப்பா" என்று ஆரம்பிப்போம்.

அந்த வலது பக்கத்தில் இப்போது இன்னொரு எண்ணும் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறது. இந்த ஐட்டத்தை நீங்கள் சாப்பிட்டால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சொல்லும் எண். ஸ்வீடனில் மேக்ஸ் என்கிற பர்கர் கம்பெனி 2008-லேயே மெனுவில் இந்தக் கார்பன் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் ஜஸ்ட் சாலட், பனேரா பிரெட் போன்ற கடைகள் 2020-ல் இந்த வழிக்கு வந்தன. சில இடங்களில் எண், சில இடங்களில் பச்சை முத்திரை.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். விஷயம் பெரியது என்பதிலும் சந்தேகமில்லை. மனிதர்களால் காற்றில் கலக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நம் சாப்பாட்டின் வழியாகத்தான் போகிறது. 2018-ல் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டிப் போட்ட கணக்கு இது.

அப்புறம் ஏன் எனக்கு இந்த லேபிளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது? சொல்கிறேன்.

முதலில் லேபிளுக்கு ஆதரவான சாட்சியைக் கூப்பிடுவோம். 2022-ன் கடைசியில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையின் மெனுவைக் காட்டினார்கள். ஒரு கூட்டத்துக்கு லேபிளே கிடையாது. இன்னொரு கூட்டத்துக்கு, பூமிக்கு நல்லது என்று பச்சை லேபிள். மூன்றாவது கூட்டத்துக்கு, மாட்டிறைச்சி ஐட்டங்களின் மேல் கெடுதல் என்று சிவப்பு லேபிள். லேபிள் இல்லாத கூட்டத்தோடு ஒப்பிட்டால், பச்சை பார்த்தவர்களில் 9.9 சதவிகிதம் கூடுதலானவர்கள் மாட்டிறைச்சியைத் தவிர்த்தார்கள். சிவப்பு பார்த்தவர்களில் 23.5 சதவிகிதம் கூடுதல்.

ஆக, லேபிள் வேலை செய்கிறது. ஆனால், இதில் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, அங்கே யாருக்கும் பசிக்கவில்லை. யாரும் பர்ஸைத் திறக்கவில்லை. திரையைத் தட்டுகிறபோது நாம் எல்லோருமே உத்தமர்கள்தான். கிச்சனிலிருந்து வாசனை வரும்போதல்லவா தெரியும் சங்கதி!

இரண்டாவது சங்கதிதான் முக்கியம். பச்சையைவிட சிவப்புக்குத்தான் பலம் அதிகம். இப்போது நீங்கள் ஒரு பர்கர் கடை முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லாவை நிரப்புவது மாட்டிறைச்சி பர்கர். அதன் தலையில் நீங்களே சிவப்பு முத்திரை குத்துவீர்களா? மாட்டீர்கள். எது விற்றாலும் விற்காவிட்டாலும் பரவாயில்லையோ, அதற்குப் பக்கத்தில் ஓர் அழகான பச்சை இலை படம் போடுவீர்கள். பனேராவின் முத்திரை அப்படிப்பட்டதுதான். கார்பன் குறைவான ஐட்டத்துக்கு மட்டும் பாராட்டுப் பத்திரம், மற்றதைப் பற்றி மௌனம். மேக்ஸ் மாதிரி எல்லா பர்கருக்கும் எண் போடுகிற கடை அபூர்வம். விருப்பப்பட்டால் ஒட்டலாம் என்று விட்டால், பலமில்லாத லேபிள்தான் ஒட்டப்படும். இதற்கு ஆய்வு எதற்கு? வியாபாரம் தெரிந்தால் போதும்.

சரி, சட்டம் போட்டு எல்லோரையும் எழுத வைத்தால்?

அதற்கும் ஓர் ஒத்திகை நடந்திருக்கிறது, கலோரி விஷயத்தில். 2022 ஏப்ரலில் இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் எல்லாம் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டத்துக்கு முன்னும் பின்னும் 6,500-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடம் விசாரித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணைக் கவனித்தவர்கள் அதிகமானார்கள். ஆனால் வாங்கிய கலோரியிலும் உள்ளே போன கலோரியிலும் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை.

நம்ம ஊரிலும் இந்த விதி உண்டு. 2022 ஜூலை முதல், பத்து அல்லது அதற்கு மேல் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் கலோரியை எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'வேண்டாம்ப்பா' என்று பீட்சாவைத் திருப்பி அனுப்பிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தன் தொப்பைக்காகவே தட்டை மாற்றாத மனுஷன், ஆர்க்டிக் பனிக்காகவா மாற்றப்போகிறான்?

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். நம்ம ஊர் சர்வரைக் கேளுங்கள், சொல்லித் தருவார்.

"என்ன இருக்கு?" என்று கேட்டதும் அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே, "நெய் ரோஸ்ட், ஆனியன் ரவா, பன்னீர் தோசை, பூரி..." என்று. இட்லி என்ற வார்த்தையே வராது. நீங்களாகக் கேட்டால், "இருக்கு சார்" என்பார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. எதை முதலில் சொல்கிறோமோ அது போணியாகும், எதைச் சொல்லவில்லையோ அது நிற்கும் என்பது அவர் அனுபவத்தில் படித்த பாடம்.

இதைத்தான் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து 2022-ல் எழுதினார்கள். மெனுவில் ஒரு டிஷ்ஷை மாட்டிறைச்சியோடு எழுதி, வேண்டுமானால் சைவமாக மாற்றிக்கொள்ளலாம் என்று போடுவது ஒரு வகை. சைவமாக எழுதி, வேண்டுமானால் இறைச்சிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போடுவது இன்னொரு வகை. டிஷ் ஒன்றுதான். எழுதும் விதம் மாறியதுமே ஆர்டரும் மாறியது.

இதுவும் திரையில் நடந்த சோதனைதானே என்பீர்கள். நிஜ கேன்டீனுக்கே போவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 94,644 சாப்பாடுகளைக் கணக்கெடுத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நாலு ஐட்டத்தில் ஒன்று சைவம் என்று இருந்தது, நாலில் இரண்டு சைவமாக இருந்த நாட்களில், சைவச் சாப்பாட்டின் விற்பனை 41 முதல் 79 சதவிகிதம் வரை கூடியது. லேபிள் இல்லை, பிரசாரம் இல்லை. மொத்த வியாபாரமும் குறையவில்லை.

நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்த நகரின் 11 அரசு மருத்துவமனைகளில் 2022 முதல், நோயாளிகளுக்கு மதியமும் இரவும் தாவர உணவைத்தான் முதலில் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் இறைச்சி தாராளமாகக் கிடைக்கும். யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. 2023-ல் சாப்பாட்டினால் வரும் கார்பன் 36 சதவிகிதம் குறைந்துவிட்டதாக நகர நிர்வாகம் அறிவித்தது. சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் திருப்தி என்றார்கள்.

புரிகிறதா? கடிவாளம் மெனுவை எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அவர் அதை இழுக்காமல், உங்கள் கையில் ஒரு லேபிளைக் கொடுத்துவிட்டு, 'இனிமேல் உங்க பாடு' என்கிறார். என் எரிச்சல் இதுதான்.

நான் பி.காம். படித்தவன். இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடமே, ஓர் இடத்தில் பற்று எழுதினால் இன்னோர் இடத்தில் வரவு எழுதியாக வேண்டும் என்பது. பர்கர் விற்ற லாபம் கம்பெனியின் வரவு. அந்த பர்கரின் புகை மட்டும் உங்கள் பெயரில் பற்று. இது என்ன கணக்கு? எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

இந்த வித்தை புதிதும் இல்லை. 2000-களின் நடுவில், ஒவ்வொரு மனிதரும் தன் கார்பன் தடத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்தது யார் தெரியுமா? பெட்ரோல் எடுத்து விற்கும் பி.பி. கம்பெனி. கிணறு தோண்டியவர் வரவு வைத்துக்கொண்டார், பைக்கில் ஆபீஸ் போனவர் குற்றவாளி ஆனார்.

இந்த லேபிள் நாளைக்கு நம்ம ஊர் மெனுவுக்கு வந்தால் இன்னொரு வில்லங்கமும் சேர்ந்து வரும். நம்மிடம் ஏற்கெனவே சைவத்துக்குப் பச்சைப் புள்ளி இருக்கிறது. 'பச்சைன்னா பூமிக்கும் பச்சை' என்று ஈஸியாக முடிச்சுப் போட்டுவிடுவார்கள். உலக சராசரிப்படி ஒரு கிலோ பாலாடைக் கட்டிக்கு சுமார் 24 கிலோ கார்பன், கோழிக்கு சுமார் 10 கிலோ. மாட்டிறைச்சிக்கே இரண்டு கணக்கு உண்டு. கறிக்காக மட்டும் வளர்க்கப்படும் மாடு என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 100. கறந்து முடிந்த கறவை மாடு என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஏனென்றால் மீதியைப் பால் கணக்கில் எழுத வேண்டும். அதே கறவை மாட்டின் பாலில் செய்த பன்னீர் பட்டர் மசாலாவுக்குப் பச்சைப் புள்ளி, அதன் கறிக்குச் சிவப்பு முத்திரை என்றால் அது விஞ்ஞானம் இல்லை. இந்த ஊரில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் யார், அவர்களை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பழைய ஏளனத்துக்குப் புது லேபிள் ஒட்டித் தர வேண்டாம்.

போதாக்குறைக்கு, ஒரே பொருளை விளைவிக்கும் இரண்டு பண்ணைகளுக்கு நடுவில் ஐம்பது மடங்கு வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அதே 2018 ஆய்வு சொல்கிறது. மெனு கார்டில் இருக்கும் எண் சராசரி. உங்கள் தட்டில் இருப்பது சராசரி இல்லை. அதுபோக, தட்டில் மிச்சம் வைத்துக் குப்பைத் தொட்டிக்குப் போவதை எந்த லேபிளும் சொல்வதில்லை. 2022-ல் உலகம் முழுக்க வீணான 105 கோடி டன் உணவில் 28 சதவிகிதம் ஓட்டல், கேன்டீன் வகையறாக்களில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. பாதி அளவு சாதம் கேட்டால் பாதி விலை வாங்க எத்தனை ஓட்டல் தயார்?

ஆகவே, லேபிள் ஒட்ட விரும்புகிறவர்களுக்கு என் கோரிக்கைகள் மூன்று. ஒட்டுவதானால் எல்லா ஐட்டத்துக்கும் ஒட்டுங்கள், அதிகமாக விற்பதற்கு முதலில் ஒட்டுங்கள். எண்ணை ஒட்டுவதற்கு முன்னால் மெனுவின் வரிசையை மாற்றுங்கள், அளவில் பாதி கொடுங்கள். மொத்தக் கடையும் ஒரு வருடத்தில் எவ்வளவு புகை விட்டது என்று வாசலில், கல்லாவுக்கு மேலே, எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த தடவை மெனுவில் பச்சை இலையைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். சர்வரிடம் இல்லை, பாவம், அவர் என்ன செய்வார்? கல்லாவில் இருப்பவரிடம் சத்தமாகக் கேளுங்கள்: "இது சரி சார், மத்ததுக்கெல்லாம் எங்க?"