தொலைநோக்கியைத் தறிக்காரன் பிள்ளைக்கும் திறந்துவிடு!

“கூலி உயர்வு கேட்கிற ஊரில் நட்சத்திரப் பேச்சு எதற்கு?” என்று சில கனவான்கள் கேலி பேசுகிறார்கள். அம்மாபேட்டை நெசவாளிக்கு நூலும் கூலியும் போதுமாம், வானம் படித்தவர்களுக்காம்! இந்த வாதத்தின் யோக்கியதையைப் பார்ப்போம்.

ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதை இயக்குகிறவர் அந்தக் குளிரில் நடுங்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டேயில் இருந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பு மூலம் அதைத் திருப்புகிறார், படமெடுக்கிறார். இவையெல்லாம் யார் பணம்? ஜனங்களின் வரிப்பணம். நூலுக்கும் சாயத்துக்கும் வரி கட்டுகிற நெசவாளியின் காசும் அதில் உண்டு.

ஹொஸகோட்டேயிலிருந்து முடிவது அம்மாபேட்டைப் பள்ளியிலிருந்து ஏன் முடியாது? ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஃபோக்ஸ் தொலைநோக்கிகளைப் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிலிருந்தே இயக்கியிருக்கிறார்கள். அங்கே பகல் என்றால் ஹவாயில் இரவு. நமக்கும் அப்படித்தான்: இங்கே நடுப்பகல் 12 மணி என்றால் ஹவாயில் இரவு எட்டரை. அந்தத் தொலைநோக்கிகள் ஒரு செல்வந்தரின் கொடையில் பிறந்தவை. நாம் கொடை கேட்கவில்லை. நம் பணத்தில் எழுந்ததில் நமக்குள்ள பங்கைக் கேட்கிறோம்.

“காவலூருக்கே போய்ப் பார்க்கலாமே” என்பார்கள். தறியை நிறுத்திவிட்டு மலையேறினால் அன்றைய கூலியை யார் தருவது?

“ஆராய்ச்சி நேரம் வீணாகும்” என்பது அடுத்த சாக்கு. பெரிய கண்ணாடியை நாம் கேட்கவில்லை. சிறு தொலைநோக்கி ஒன்று போதும். வியாழனின் துணைக்கோள் அயோ சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. மணிக்கொரு படமெடுத்தால் அது நகர்வதைப் பிள்ளைகளே அளந்துவிடலாம். 1610-ல் கலிலியோ கண்டு, பழைய அதிகாரங்களை ஆட்டங்காண வைத்த அதே காட்சி! யாரோ எடுத்த படத்தைப் பார்ப்பது வேறு. தானே குறிவைத்து, அளந்து, கணக்குப் போடுவது வேறு.

நட்சத்திரம் நெசவாளிக்கு எதற்கு என்கிறவர்கள், சனிப்பெயர்ச்சி என்றால் மட்டும் அவனிடம் பரிகாரப் பணம் வாங்கத் தயங்குவதில்லை. சனி சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 29½ வருஷம். பன்னிரண்டு ராசிக்கு வகுத்தால் ராசிக்குச் சுமார் 2½ வருஷம். இது கணக்கு, கோபமல்ல! இந்த வகுத்தலைப் பிள்ளை வீட்டில் போட்டுக் காட்டினால் யாருடைய வியாபாரம் படுக்கும் என்பது நமக்குத் தெரியும்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். கடமையை நமக்கு எழுதிவிட்டுக் கருவியைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

பொதுப்பணத்தில் இயங்கும் தொலைநோக்கிகளில் சர்க்கார் பள்ளிகளுக்கென்று நேரம் ஒதுக்கு! பள்ளிக்கு இணைய வசதியும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கொடு! பாடத்தைத் தமிழில் நடத்து! இரவில் தறி ஓய்ந்தபின் பெரியவர்களும் வந்து பார்க்கப் பள்ளிக் கதவைத் திறந்து வை!

கூலியும் வேண்டும், வானமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கிற தந்திரம் இனிச் செல்லாது.