சொல் மாறினால் மட்டும் போதுமா?

புதுக்கடை நீதிமன்றங்களில் வல்லுறவுக்கு வரைவிலக்கணம் தருவது தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு. 1995இல் திருத்தப்பட்ட அப்பிரிவில் குற்றவாளி ஆண், பாதிக்கப்பட்டவர் பெண். சிறுவனுக்கு நேரும் அதே கொடுமை, 'நபர்' என்று பொதுவாகப் பேசும் 365பி பிரிவின் கீழ் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமாகவே கொள்ளப்படுகிறது. அப்பொதுச்சொல் 363ஆம் பிரிவுக்கும் வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

ஆனால் அது மட்டும் எமது பெண் பிள்ளைகளைக் காக்காது. 16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் செல்லாது என்னும் அதே பிரிவு, அவள் 12 வயதைக் கடந்த மனைவியாயின் கணவனுக்கு விலக்களிக்கிறது. பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995இல் 18 ஆனது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு வெளியே நின்றது. ஆகவே அவ்விலக்கு நடைமுறையில் எமது சிறுமிகளின் பாதுகாப்பையே பறிக்கிறது. சொல்லை மாற்றக் கோரும்போது இவ்விலக்கையும் நீக்கக் கோருவோம்.