தபால் நின்றால் யார் தலையில் விடியும்?



ஸ்டிரைக் என்றதும் "ஜனங்களுக்குத்தானே கஷ்டம்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். "தொழிலாளி வேற என்னதான் பண்ணுவான்?" என்று இன்னொரு கூட்டம். ரெண்டிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது என்பேன் நான்.

கனடாவைப் பாருங்கள். 2024 நவம்பர் 15-ல் சுமார் 55,000 தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வும், வாரக்கடைசி பட்டுவாடாவுக்குப் பகுதிநேர ஆட்களை வைப்பதும்தான் முக்கியத் தகராறு. கிறிஸ்துமஸுக்கு நாற்பதே நாள்! பெரிய கம்பெனிக்கு சொந்த வேன் இருக்கு. வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்கிறவருக்கு என்ன இருக்கு? தனியார் கூரியருக்குக் கொட்டிக் கொடுத்தால் லாபம் போச்சு. கொடுக்காவிட்டால் ஆர்டரே போச்சு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஜனவரியில் யார் வாங்குவார்?

அரசு தலையிட்டது. தொழிலாளர் வாரியத்தின் உத்தரவுப்படி டிசம்பர் 17-ல் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். தகராறு தீர்ந்ததா? இல்லை. ஒப்பந்தம் முடியாமலே கிடந்தது. வீட்டுவாசல் பட்டுவாடாவையும் குறைக்கப்போவதாக அரசு அறிவிக்க, 2025 செப்டம்பர் 25-ல் மறுபடியும் நாடு தழுவிய ஸ்டிரைக்!

ஆக, உத்தரவு வேலையைத் தொடங்கி வைக்கும், சிக்கலை அவிழ்க்காது. சின்ன வியாபாரியைக் காட்டி ஸ்டிரைக்கை ஒடுக்குவது அவருக்கு உதவி ஆகாது. சீசனுக்கு முன்பே பேசி முடிப்பதுதான் உதவி.

நாளைக்கு நம்மில் சிலர் யூனியனில் சேருவோம். சிலர் சின்னதாய் ஒர்க் ஷாப் போடுவோம். ஒருத்தருக்கொருத்தர் எதிரி இல்லை என்பதை இப்பவே புரிஞ்சுக்குவோம், தோழர்களே!